இயந்திரம் வந்தது, வரிசையும் வந்தது



சென்ற மாதம் வியாழன் இரவு நிகழ்ச்சியில் பேசியதை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பேச்சுக்குக் காரணமாக இருந்தவர் ஒரு நேயர். அவர் தொலைபேசியில் வந்து கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, இருபத்தேழு வருசமா வரி கட்டுறன். முதுகுக்கு ஒரு ஸ்கான் எடுக்கப் பதினாலு கிழமை காத்திருக்கச் சொல்லினம். புதுசு புதுசா மெசின் வருகுது எண்டு பேப்பரில போடுறாங்கள். மெசின் கூடக் கூட வரிசை குறையவெல்லோ வேணும்? ஏன் கூடுது?"

நான் கணக்காளன், வைத்தியன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வி வைத்தியக் கேள்வி அல்ல, கணக்குக் கேள்வி என்றே எனக்குப் பட்டது. ஆகவே பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை, அதாவது நாம் எல்லோரும் என்.எச்.எஸ். என்று அழைப்பது, புதிய மருந்தையும் புதிய இயந்திரத்தையும் எப்படி எதிர்கொண்டது என்ற வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். அதில் எங்கள் குடும்பத்துக் கதை ஒன்றும் மாட்டிக்கொண்டது. அதையும் சொல்கிறேன்.

பெவரிட்ஜ் போட்ட கணக்கு

1942 டிசம்பரில், போர் நடந்துகொண்டிருந்தபோதே, சேர் வில்லியம் பெவரிட்ஜ் தமது புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். போர் முடிந்த பின் மக்களுக்கு எத்தகைய சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்று ஆராய்ந்த அறிக்கை அது. அதிலே எதிர்காலச் செலவுகளின் மதிப்பீடும் உண்டு. சுகாதாரத்துக்கு 1945 இல் ஆண்டுக்கு 17 கோடி பவுண் என்று போட்டார். இருபது ஆண்டு கழித்து 1965 இல் எவ்வளவு? அதே 17 கோடி பவுண்!

இது கவனக் குறைவால் வந்த பிழை அல்ல. சேவை வளரும், அதனால் மக்கள் நோய் குறைந்து வாழ்வார்கள், நோயாளர் தொகையும் குறையும், ஒன்றை ஒன்று ஈடுசெய்யும் என்பது அவர் எண்ணம். கிணற்றைத் தூர்வாரினால் பிறகு செலவில்லை என்பது போன்ற கணக்கு. வைத்தியம் அப்படிப்பட்டதல்ல என்பதைக் காண நீண்ட காலம் செல்லவில்லை.

1948 யூலை 5 ஆம் திகதி சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் என்.எச்.எஸ்.ஸைத் தொடக்கிவைத்தார். மூக்குக் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் மக்கள் வந்து குவிந்தார்கள். செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. 1951 ஏப்ரலில் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல், கொரியப் போரை ஒட்டிய ஆயுதச் செலவுக்குப் பணம் தேடியபோது, கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் பாதி விலை அறவிட முடிவு செய்தார். பெவன் பதவி துறந்தார். பிற்காலத்தில் பிரதமரான ஹரோல்ட் வில்சனும் அவருடன் வெளியேறினார். அடுத்த ஆண்டு, 1952 இல், மருந்துச் சீட்டுக்கு ஒரு சிலிங் கட்டணமும் வந்தது.

"இந்தச் சேவை நாட்டைத் தின்றுவிடும்" என்ற பயம் அப்போதே எழுந்துவிட்டது. 1953 இல் அரசாங்கம் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் கிளோட் கில்போ தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. கணக்கைப் பார்த்தவர் பிரையன் ஏபல்-ஸ்மித் என்ற இளைஞர். அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் ரிச்சர்ட் டிற்மஸ். 1956 இல் அறிக்கை வந்தபோது எல்லோரும் வியந்தார்கள். பவுணில் பார்த்தால் செலவு கூடியிருந்தது உண்மை. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் பங்காகப் பார்த்தால் 1949-50 இல் 3.75 வீதமாக இருந்தது 1953-54 இல் 3.25 வீதமாகக் குறைந்திருந்தது! அதோடு, புதிய வைத்தியசாலைக் கட்டடங்களுக்குப் போருக்கு முன் செலவிட்டதை விடக் குறைவாகவே செலவிட்டிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் முதலாம் ஆண்டு மாணவனுக்கும் சொல்லிக்கொடுப்பது இதுதான்: தொகையை மட்டும் பார்க்காதே, எதனுடைய பங்கு என்று பார். எழுபது ஆண்டு கழிந்தும் பத்திரிகைத் தலைப்புகளில் இந்தப் பிழை தொடர்கிறது.

செலவைக் குறைத்த மருந்து: சேத்துப்பட்டிலிருந்து வந்த விடை

புதிய தொழில்நுட்பம் என்றாலே செலவு என்று நினைக்க வேண்டாம். காசநோயின் கதையைப் பாருங்கள்.

ஸ்ரெப்ரோமைசின் அமெரிக்காவில் 1943 இல் கண்டுபிடிக்கப்பட்டது. போரால் நொடிந்துபோன பிரித்தானியாவிடம் அதை வேண்டிய அளவு வாங்க டொலர் இல்லை. கிடைத்த கொஞ்ச மருந்தை யாருக்குக் கொடுப்பது? மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் புள்ளிவிபரவியலாளர் ஒஸ்ரின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் ஒரு வழி கண்டார்கள். எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்றான பிறகு, திருவுளச் சீட்டுப் போல் குலுக்கிப் போட்டு ஒரு பகுதியினருக்குக் கொடுத்துப் பார்ப்பதில் அநியாயம் இல்லை. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர். 1948 ஒக்டோபரில் வெளியான அந்த முடிவு இன்றைய மருத்துவப் பரிசோதனை முறைக்கே அடித்தளம் என்று சொல்வார்கள்.

அதே 1948 இல் எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் ஸ்கொட்லாந்தில் ஒரு வைத்தியசாலையில் காசநோயுடன் படுத்திருந்தார். நண்பர் ஒருவரின் முயற்சியாலும் அமைச்சர் பெவனின் அனுமதியாலும் அவருக்காக அமெரிக்காவிலிருந்து அந்த மருந்து வந்தது. அவர் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மீதியை அங்கே வேறு நோயாளர்களுக்குக் கொடுத்தார்கள். ஓர்வெல் 1950 சனவரியில் இறந்தார். மருந்து அரிதாக இருந்தபோது அது குலுக்கல் வழியாகவும் வந்தது; தெரிந்தவர் வழியாகவும் வந்தது. இரண்டும் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில்.

பிறகு வேறு மருந்துகளும் வந்தன. எடின்பரோவில் ஜோன் குரொஃப்ரன் குழுவினர் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் காசநோயை முற்றாகக் குணப்படுத்தலாம் என்று காட்டினார்கள். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. நோயாளியை மாதக்கணக்கில் சானற்றோரியத்தில் வைத்திருக்கத்தான் வேண்டுமா?

அதற்கு விடை வந்தது நம்மவர் மண்ணிலிருந்து. 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் சேர்ந்து செய்த முயற்சி. பொறுப்பாளர் டொக்டர் வலஸ் ஃபொக்ஸ். நெருக்கமான சிறு வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானற்றோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வுமாக. மற்றப் பிரிவு வீட்டிலேயே, அதே மருந்துடன். ஒரு வருடச் சிகிச்சை. 1959 இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

பிரித்தானியாவிலும் ஏனைய நாடுகளிலும் சானற்றோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது வேறு நோய்களுக்கான வைத்தியசாலைகளாக மாறின. பெரிய கட்டடம், ஆள், சாப்பாடு எல்லாவற்றையும் சில குளிசைகள் ஈடுசெய்தன. சேத்துப்பட்டு மையம் இன்றும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. அடுத்த முறை சென்னை போகிறவர்கள் அந்தத் தெருவால் போகும்போது ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை எப்போது பிறக்கிறது?

இனி நேயரின் கேள்விக்கு வருவோம். மெசின் கூடும்போது வரிசை ஏன் கூடுகிறது?

1962 நவம்பரில் லங்காஷயரில் ரைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி புதிய வகைப் பிளாஸ்ரிக்கைக் கொண்டு இடுப்பு மூட்டு மாற்றும் சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் ரெஃப்லோன் கொண்டு செய்த மூட்டுகள் தேய்ந்து தோல்வியடைந்திருந்தன. இந்த முறை வென்றது. அதற்கு முன் இடுப்பு தேய்ந்த கிழவிக்கு ஒரு பொல்லும் வலிக்குளிசையும்தான் விதி. அவர் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. ஏனென்றால் நிற்பதற்கு வரிசை இல்லை. சிகிச்சை பிறந்த அன்றே வரிசையும் பிறந்தது. முன்பு வீட்டு மூலையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த துன்பம் இப்போது ஒரு பட்டியலில் எண்ணாகத் தெரிகிறது. வரிசை நீண்டதென்றால் சேவை கெட்டது என்று மட்டும் பொருள் அல்ல. முன்பு செய்ய முடியாத ஒன்றைச் செய்ய முடிகிறது என்றும் பொருள்.

கண்வில்லையும் அப்படியே. போர் விமானிகளின் கண்ணில் சிதறிய பேர்ஸ்பெக்ஸ் துண்டுகள் கண்ணை உறுத்தாமல் கிடப்பதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணில் பொருத்தினார். மூத்த கண் வைத்தியர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். இன்று கண்புரைச் சிகிச்சைக்குக் காலையில் போய் மதியம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஒரு ஆளுக்கான செலவும் துன்பமும் குறைந்தன. குறைந்தபடியால் சிகிச்சை பெறத் தக்கவர்களின் தொகை கூடியது. ஆகவே மொத்தச் செலவு கூடியது. தனி விலை இறங்க மொத்தச் செலவு ஏறுவது தொலைபேசிக் கட்டணத்தில் நாம் எல்லோரும் கண்ட அனுபவந்தானே! ஊருக்குப் பேச நிமிடத்துக்கு ஒரு பவுண் போன காலத்தில் மாதம் ஒருமுறை பேசினோம். அட்டை மலிந்த பிறகு நாளுக்கு இருமுறை பேசினோம்.

ஆனையைக் கட்டித் தீனி போடுதல்

நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டு நம் வானொலி நேயர்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பெயரில் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடம் மேற்கு லண்டனில் ஹேய்ஸில் இருந்தது. இன்று நம்மவர் பலர் வாழும் பகுதிக்குப் பக்கத்தில். அங்கே பொறியியலாளராக இருந்த கொட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட்தான் சீ.ரீ. ஸ்கானைக் கண்டுபிடித்தார். ஆரம்ப முயற்சிக்கு அரசாங்கச் சுகாதாரத் திணைக்களமும் பணம் கொடுத்தது. 1971 ஒக்டோபர் 1 அன்று விம்பிள்டனில் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் ஒரு பெண்ணின் தலை முதன்முதலாக ஸ்கான் செய்யப்பட்டது. மண்டையைத் திறக்காமலே மூளைக்குள் இருந்த கட்டி தெரிந்தது. 1979 இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் அமெரிக்காவில் இருந்த அலன் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அது பிறந்த நாட்டில் அது பரவியது மெதுவாகத்தான். அமெரிக்க வைத்தியசாலைகள் அள்ளி வாங்கின. இங்கே என்.எச்.எஸ்.ஸிடம் மூலதனப் பணம் இல்லை. ஊர் மக்கள் நடைபயணம் போயும், கேக் விற்றும், உண்டியல் குலுக்கியும் பணம் சேர்த்துத் தங்கள் வைத்தியசாலைக்கு ஸ்கான் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மனம்தான். ஆனால் கணக்காளன் கண்ணால் பாருங்கள். இயந்திரத்தின் விலை மூலதனச் செலவு, ஒரு தடவை. அதை இயக்கும் தொழில்நுட்பவியலாளர், படத்தை வாசிக்கும் வைத்தியர், மின்சாரம், பராமரிப்பு, ஏழெட்டு வருடத்தில் புதியது வாங்கும் பணம் இவையெல்லாம் ஆண்டாண்டுச் செலவு. நன்கொடை ஆனையைத் தந்தது. தீனியை வைத்தியசாலைதான் போட வேண்டும். தீனிக்கான பணம் வேறு எங்கோ ஒரு விடுதியிலிருந்து, வேறு ஒரு நோயாளியிடமிருந்து போனது. அந்த நோயாளியின் பெயர் எந்தப் பேரேட்டிலும் எழுதப்படவில்லை.

பெரியப்பாவின் அட்டை

இப்போது எங்கள் வீட்டுக் கதை.

என் பெரியப்பா 1968 இல் லண்டன் வந்தவர். எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். 1981 இல், ஐம்பத்தொன்பதாவது வயதில், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அப்போது நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பொடியன். தந்தி வந்ததும் அப்பா கிணற்றடியில் போய் நின்றதும் ஞாபகம். பிற்காலத்தில் வணிகப் பட்டத்துடன் நான் இங்கு வந்து பெரியம்மாவின் வீட்டில் இருந்தபோது ஒருநாள் கேட்டேன், ஏன் டயாலிசிஸ் செய்யவில்லை என்று.

"வயது போட்டுது, சீனி வருத்தமும் இருக்கு, இனிச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை எண்டு சொன்னவை. அந்தாள் நல்லவர், என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவர்" என்றார் பெரியம்மா. அந்த வைத்தியர் மேல் அவருக்குக் கடைசிவரை கோபமே இல்லை. கடவுள் விட்ட வழி என்றே இருந்தார்.

இனி வரலாற்றுக்கு வருவோம். செயற்கைச் சிறுநீரகத்தை 1943 இல், ஜேர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் வில்லெம் கொல்ஃப் உருவாக்கினார். போருக்குப் பின் அவர் கொடுத்த இயந்திரங்களில் ஒன்று லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலைக்கும் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நாளத்தைத் திறக்க வேண்டியிருந்ததால் சில தடவைகளுக்கு மேல் செய்ய முடியவில்லை. 1960 இல் அமெரிக்காவின் சியாற்றிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலே நிரந்தரமாகப் பொருத்தும் ஒரு குழாயைக் கொண்டுவந்தார். அன்றோடு சிறுநீரகம் போனவரும் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்றாயிற்று.

சியாற்றிலில் இயந்திரங்கள் சில, நோயாளர் பலர். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஊர்க்காரர் எழுவர் கொண்ட குழு அமைத்தார்கள். 1962 இல் ஒரு சஞ்சிகை அதை வெளிப்படுத்தியபோது அமெரிக்காவே கொதித்தது. வயது, தொழில், தேவாலயம் போகிறாரா என்றெல்லாம் பார்த்து உயிர் கொடுப்பதா? அந்தக் கொதிப்பும் ஒரு காரணமாக, 1972 இல் அமெரிக்கச் சட்டசபை சிறுநீரகச் சிகிச்சைக்கு வயது பாராமல் அரசாங்கப் பணம் என்று சட்டம் செய்தது. எல்லோருக்கும் பொது மருத்துவம் இல்லாத நாடு, இந்த ஒரு நோய்க்கு அதைச் செய்தது!

பிரித்தானியாவில் அப்படி ஒரு குழுவும் இல்லை, கொதிப்பும் இல்லை. 1960களின் நடுப்பகுதியில் பிராந்தியத்துக்கு ஒன்றாக டயாலிசிஸ் நிலையங்கள் திறந்தார்கள். வீட்டிலேயே இயந்திரம் வைத்துச் செய்வதில் இங்குள்ளவர்கள் முன்னோடிகள். ஆனால் இடம் போதவில்லை. வயதானவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் பெரும்பாலும் அந்த நிலையத்துக்கு அனுப்பப்படவே இல்லை. 1984 இல் ஹென்றி ஆரன், வில்லியம் ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இரு நாட்டு வைத்தியசாலைகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார்கள். சிறுநீரகச் சிகிச்சை பெறுவோர் விகிதம் பிரித்தானியாவில் அமெரிக்காவின் பாதிகூட இல்லை. வயது கூடக் கூட அந்த இடைவெளியும் கூடியது. "பணம் இல்லை" என்று யாரும் நோயாளியிடம் சொல்லவில்லை. "உங்களுக்கு இது ஒத்துவராது" என்று சொன்னார்கள். பணப் பற்றாக்குறை வைத்தியக் காரணமாக மொழிபெயர்க்கப்பட்டது.

2009 இல் பெரியம்மா காலமான பின் அவருடைய கடதாசிகளை ஒழுங்குபடுத்தியவன் நான். ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் பெரியப்பாவின் வைத்தியசாலை அட்டை இருந்தது. நாலு திகதிகள் எழுதியிருந்தன. ஐந்தாவது கோடு வெறுமையாக இருந்தது. அதை நான் ஒரு கணக்காளனாகப் பார்த்தேன். ஒரு செலவு வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் யார் வெட்டினார், ஏன் வெட்டினார், எந்த விதிப்படி என்று ஒரு எழுத்தும் இல்லை. அவருக்கு டயாலிசிஸ் கொடுத்திருந்தால் எவ்வளவு காலம் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அந்த வைத்தியர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அதை இனி யாராலும் சரிபார்க்க முடியாது என்பதுதான் என் மனக்குறை.

இன்று என் அண்ணருக்கு வயது 71. அவருக்கும் நீரிழிவு. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம் டயாலிசிஸ் செய்கிறார். வாகனம் வந்து ஏற்றிப்போய் இறக்கிவிடுகிறது. ஒரு சதமும் கட்டுவதில்லை. இரண்டு தலைமுறைக்கிடையில் நடந்த மாற்றம் இது.

முகம் காட்டிய மறுப்பு

1999 ஏப்ரல் 1 அன்று நைஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவனம் பிறந்தது. புதிய மருந்தோ கருவியோ வந்தால் அது தரும் பயனும் அதன் விலையும் பொருந்துகின்றனவா என்று ஆராய்ந்து, காரணத்தை எழுதி வெளியிடுவது அதன் வேலை. யோர்க் பல்கலைக்கழகப் பொருளியலாளர் அலன் வில்லியம்ஸ் போன்றோர் வளர்த்தெடுத்த ஒரு அளவுகோலை அது பயன்படுத்தியது: ஒரு மருந்து ஒருவருக்கு நல்ல சுகத்துடன் கூடிய ஒரு வருட வாழ்வைத் தர எவ்வளவு செலவாகும்? நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண் வரை என்பது எல்லையாக இருந்தது. அதை 25,000 முதல் 35,000 வரை உயர்த்துவதாக 2025 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது.

உயிருக்கு விலையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆனால் விலை 1981 இலும் இருந்தது. அப்போது அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நைஸின் முதல் தீர்ப்பே பெரும் சண்டை. 1999 ஒக்டோபரில் ரெலென்சா என்ற காய்ச்சல் மருந்து அந்தக் குளிர்காலத்துக்கு வேண்டாம் என்றது. மருந்துக் கம்பனித் தலைவர் நாட்டை விட்டே போவோம் என்று எச்சரித்தார். அடுத்த ஆண்டு கூடுதல் ஆதாரம் வந்தபின், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நைஸ் மாற்றிச் சொன்னது. 2002 இல் நரம்புத் தளர்ச்சி நோய் ஒன்றுக்கான பீற்றா இன்ரபெரோன் மருந்து விலைக்கு ஏற்ற பயன் தரவில்லை என்றது. நோயாளர்கள் போராடினார்கள். அரசாங்கம் மருந்துக் கம்பனிகளுடன், பயன் குறைந்தால் விலையைக் குறைப்பது என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. சரியோ பிழையோ, எல்லாம் பகலில் நடந்தன.

2006 ஏப்ரலில் வந்த ஒரு தீர்ப்பை நான் மறக்க மாட்டேன். சுவிண்டனில் மார்புப் புற்றுநோயாளி ஒருவருக்கு ஹெர்செப்ரின் மருந்தை உள்ளூர்ச் சுகாதார அமைப்பு மறுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த மறுப்பைச் செல்லாது என்றது. ஏன் தெரியுமா? அந்த அமைப்பு பணம் ஒரு பிரச்சினை அல்ல என்றும் சொன்னது. விசேட காரணம் உள்ளவருக்கு மட்டுமே கொடுப்போம் என்றும் சொன்னது. பணம் பிரச்சினை இல்லையென்றால் ஒரே நிலையில் உள்ள ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுக்க என்ன நியாயம்? பணம் இல்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் வழக்கு வேறு விதமாகப் போயிருக்கலாம். பெரியப்பாவின் காலத்து மொழிபெயர்ப்பை நீதிமன்றம் இப்போது ஏற்க மறுத்தது.

இந்த ஒழுங்கைச் சுற்றிப் போனாலும் நட்டம்தான். நைஸ் மறுத்த புற்றுநோய் மருந்துகளுக்கென்று இங்கிலாந்தில் தனி நிதி ஒன்று வைத்து, 2010 முதல் 2016 வரை சுமார் 127 கோடி பவுண் செலவிட்டார்கள். அந்த மருந்துகளில் பெரும்பாலானவை நோயாளருக்குக் குறிப்பிடத்தக்க பயன் தந்ததாகக் காணவில்லை என்று 2017 இல் வந்த ஆய்வு சொன்னது. பயனைக் கணக்கு வைக்கவும் ஒழுங்கான ஏற்பாடு இருக்கவில்லை. 2016 இல் அந்த நிதியை நைஸின் கீழ் கொண்டுவந்தார்கள்.

கணினி விடயமும் இதே பாடந்தான். 2002 இல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே நோயாளர் பதிவேடு என்று பெரும் திட்டம் தொடங்கினார்கள். மொத்த மதிப்பீடு 1,140 கோடி பவுண். 2011 மார்ச் வரை 640 கோடி செலவான பின், அந்த ஆண்டு செப்ரெம்பரில் திட்டத்தைக் கலைப்பதாக அறிவித்தார்கள். ஆனால் அதன் ஒரு பகுதி நன்றாகவே வேலை செய்தது: எக்ஸ்றே, ஸ்கான் படங்களைக் கணினியில் சேமித்துப் பார்ப்பது. 2007 முடிவதற்குள் இங்கிலாந்து வைத்தியசாலைகள் எல்லாவற்றுக்கும் அது வந்துவிட்டது. வைத்தியருக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாக இருந்த இடத்தில் பணம் பயன்பட்டது.

அந்த நேயருக்கு

ஐயா, உங்கள் பதினாலு கிழமைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் இத்தகைய பரிசோதனைகளுக்கு என்.எச்.எஸ். தனக்குத் தானே வைத்த இலக்கு 6 கிழமை. அண்மைய ஆண்டுகளில் அது எட்டப்படவில்லை. புதிய இயந்திரம் வந்தால் வரிசை வரும் என்று நான் சொன்னதை, காத்திருங்கள் என்ற புத்திமதியாக எடுக்க வேண்டாம். வரிசை பிறப்பது இயற்கை. அது எவ்வளவு நீளும் என்பது எவ்வளவு பணமும் ஆளும் ஒதுக்குகிறோம் என்ற முடிவு. அந்த முடிவுக்கு ஒரு கையொப்பம் இருக்க வேண்டும்.

2009 இல் வந்த என்.எச்.எஸ். சாசனம் இங்கிலாந்தில் உள்ள நமக்கு இரண்டு உரிமைகளை எழுதித் தந்திருக்கிறது. நைஸ் ஏற்ற மருந்தை, அது உங்களுக்கு ஏற்றது என்று வைத்தியர் சொன்னால், பெறும் உரிமை ஒன்று. வேறொரு சிகிச்சை மறுக்கப்பட்டால் அந்த முடிவு நியாயமாக எடுக்கப்படவும் காரணம் விளக்கப்படவும் உள்ள உரிமை இரண்டாவது. நம்மவர்களில் பலர் இதைக் கேட்பதில்லை. வைத்தியரைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கிலீசும் தடக்கும். ஆகவே கூடப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: "ஒன்றும் செய்ய இயலாது" என்று அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சொன்னால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். "இது வைத்தியக் காரணமா, அல்லது இங்கே வசதி இல்லை என்பதா? தயவுசெய்து எழுதித் தருவீர்களா?" வைத்தியக் காரணமாகவே இருந்தால் அதை ஏற்கும் மனத்தெளிவு வரும். வசதிக் குறைவாக இருந்தால் மேலே போய்க் கேட்க ஒரு கடதாசி கையில் இருக்கும்.

பெரியப்பாவின் அட்டையை நான் எறியவில்லை. என் மேசை லாச்சியில், வரிக் கடதாசிகளுக்குக் கீழே இருக்கிறது. ஆண்டு முடிவில் கணக்குகள் எல்லாம் சரிபார்த்துக் கட்டும்போது அதையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். அந்த ஐந்தாவது கோடு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் வேறொரு பேச்சுடன் சந்திப்போம். கேள்விகளை வியாழன் இரவு தொலைபேசியில் கேளுங்கள். வணக்கம்.